வரிசை எண் 41877

டிரை ஃபோர்க், வயோமிங்
1961 மார்ச் 6

துப்பாக்கித் தொழிற்சாலையின் பதிவேட்டு அறைக்கு,

இந்த உறையைப் பிரிப்பவர் யாரானாலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே பனி இன்னும் வேலி உயரத்துக்குக் கிடக்கிறது. முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையில்லை.

உங்களிடம் செய்த ஒரு ரிவால்வரைப் பற்றி விசாரிக்கிறேன். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலக் குழல், கோட்டுப் பையில் போடுகிற சின்ன ரகம். வரிசை எண் 41877. எண்ணை எழுதி அனுப்பினால் அது எந்தத் தேதியில் எந்தக் கடைக்குப் போனது என்று பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் சொன்னார்கள்.

சின்ன ரிவால்வரை நன்றாகச் செய்வது பெரியதைச் செய்வதைவிடக் கடினம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இடம் கிடையாது. பெரும்பாலானவற்றில் விசை பாதி வழியில் முரண்டு பிடிக்கும், கடைசியில் கனக்கும். 41877 அப்படியில்லை. நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து நிதானமாக இழுப்பது போல, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பாரம். அப்படி ஒன்றை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. என் சேகரிப்பில் அது இருக்க வேண்டும்.

இன்னொன்று. அது எப்போதாவது பழுதுக்காக உங்களிடம் திரும்பி வந்ததா? வந்திருந்தால், எந்த ஊரிலிருந்து?

வணக்கத்துடன்,
ஆரின் தேயர்
காற்றாலைப் பம்பு பழுது பார்ப்பவன்


ஹாலோ ஃபால்ஸ், மாசசூசெட்ஸ்
1961 மார்ச் 21

மதிப்புக்குரிய திரு. தேயர்,

முழங்கால் இப்போது பரவாயில்லையா? இங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது. எல்லோருக்கும் சளி, எனக்கும்தான்.

எண் 41877, 1948 நவம்பர் 9 அன்று காஸ்பர் நகரில் ஓர் இரும்புக் கடைக்கு, மற்ற ஐந்துடன் சேர்த்து அனுப்பப்பட்டது. நீலக்கருமைப் பூச்சு, வால்நட் மரப்பிடி. பேரேட்டில் இருப்பது இவ்வளவுதான்.

பழுதுக்கு வந்தவற்றின் விவரத்தை வெளியாருக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.

இனி எழுதுவது அலுவலகத்தின் சார்பில் அல்ல. சேகரிப்பாளர்களிடமிருந்து எனக்கு வாரத்துக்கு இருபது கடிதம் வருகிறது. தங்களிடம் இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் அதன் விசையின் பாரத்தை எழுதுவதில்லை. விரல் வைத்தவருக்கு மட்டும் தெரிகிற சங்கதி அது. 41877 உங்களிடம் இருந்தது, இல்லையா?

தங்கள்,
லியோனா ப்ராக்கெட்
பதிவேட்டு எழுத்தர்


டிரை ஃபோர்க்
1961 ஏப்ரல் 2

மதிப்புக்குரிய மிஸ் ப்ராக்கெட்,

சளிக்குக் கொதிக்கும் தண்ணீரில் தேனும் கொஞ்சம் விஸ்கியும். விஸ்கி ஆகாதென்றால் தேன் மட்டும்.

நீங்கள் சொன்னது சரி. என் வீட்டில் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

கடையில் அந்த ஆறையும் வரிசையாக வைத்து, ஒரு காலைப்பொழுது முழுக்கச் சோதித்தேன். உருளையை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் மோசமானதும் நல்லது போல நடிக்கும். ஒவ்வொரு தோட்டா அறையும், தோட்டாவை அடிக்கிற சுத்தி விழுவதற்கு முன்பே, தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தும் ஒரே மாதிரி. விசையை அழுத்திப் பிடித்தபடி உருளையை ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு தலைமுடி அளவு வெளிச்சம், மேலும் கீழும் ஒரே கனத்தில். கடைக்காரர் கடுப்பாகிவிட்டார். "யோவ், வாங்கப் போறியா, கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்று கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுத்தியின் வாலை அராவி எடுத்தேன், கோட்டின் உள்துணியில் மாட்டக் கூடாது என்று. பிடியை மூன்று சாயங்காலம் உட்கார்ந்து மெலிதாக்கினேன். உள்ளங்கையிலிருந்து விசைவரை எட்டுகிற தூரம் இரண்டரை அங்குலம். ஒரு திருகின் வாய்கூடச் சிதையவில்லை.

எந்த ஊர் என்று மட்டும் சொன்னால் போதும். தெரு வேண்டாம்.

ஆரின் தேயர்


ஹாலோ ஃபால்ஸ்
1961 ஏப்ரல் 14

அன்புள்ள திரு. தேயர்,

தேன் வேலை செய்தது. விஸ்கியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சுகம்தானே?

உங்கள் கடிதத்தைப் பழுதுப் பிரிவில் இருக்கும் கஸ் மிஷாலக்கிடம் காட்டினேன். பொதுவாக நான் யாரிடமும் எதையும் காட்டுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டையே ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்த அளவு என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. கஸ் படித்துவிட்டு, "ஆளுக்கு விஷயம் தெரியும்மா. ஆனா ரெண்டரை அங்குலமா? காற்றாலையில ஏறி எறங்குறவன் கை அது இல்ல" என்றார். "அப்ப யாரோடது?" என்றேன். "என்னைக் கேட்டா? உன் கவ்பாயைக் கேளு."

ஆகவே கேட்கிறேன். சேகரிப்புக்காகத் தேடுகிறவர், அது இப்போது எந்த நிலையில் இருக்கும் என்றுதான் முதலில் கவலைப்படுவார். நீங்கள் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. ஊரைத்தான் கேட்கிறீர்கள்.

அது யாருடைய கை?

லியோனா ப்ராக்கெட்


டிரை ஃபோர்க்
1961 ஜூன் 19

அன்புள்ள மிஸ் ப்ராக்கெட்,

தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன், அவ்வளவுதான்.

என் மனைவி ஹேசலின் கை. அவள் இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோனவள். ஒரு நாளைக்கு அறுபத்திரண்டு மைல், ஒன்பது வருஷம். வெயில் காலத்தில் தபால் பெட்டிக்கு அடியில் கிலுகிலுப்பைவால் விஷப் பாம்பு சுருண்டு கிடக்கும். அதற்காகத்தான் வாங்கினேன்.

எனக்குச் சாப்பாடு, தூக்கம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பட்டறை மேசைதான். அவள் தபால் வழியை முடித்துவிட்டு வந்து கூப்பிடுவாள். "ஒரு நிமிஷம், ஹேசல்" என்பேன். அந்த ஒரு நிமிஷத்தில் குழம்பு ஆறி, அவள் தூங்கப் போயிருப்பாள். ஒரு தடவை சொன்னாள்: "நீ அந்த இரும்பைத் தொடுற மாதிரி என்னைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு, ஆரின்?" நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்தேன்.

1955 மே மாதம் ஒரு காலை. ஒரு துப்பாக்கியின் சட்டத்துக்குப் பளபளப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு துரும்பு பட்டால் கீறல் விழுகிற கட்டம். கதவு திறந்தது. "ஆரின், நான் போறேன்" என்றாள். தபால் வழிக்குத்தான் என்று நினைத்தேன். "கதவைச் சாத்திட்டுப் போ, தூசி வருது" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

சாத்திவிட்டுத்தான் போனாள். பெட்டியோடு, அந்த ரிவால்வரோடு.

அவளை நான் அடித்ததில்லை, திட்டியதில்லை. அதையெல்லாம் ஒரு பெருமையாகச் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது. அவளுக்கு உறவென்று யாருமில்லை, கேட்பதற்கு. ஆனால் துப்பாக்கி என்றால் ஒரு நாள் பழுதாகும். நான் இல்லாத இடத்தில் பழுதானால் உங்களிடம்தான் அனுப்புவாள். வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே சொல்லிவைத்திருக்கிறேன். அவளைத் தேடிப்போக எனக்கிருக்கும் ஒரே வழி அந்த எண்.

எந்த ஊர், மிஸ் ப்ராக்கெட்?

ஆரின் தேயர்


ஹாலோ ஃபால்ஸ்
1961 ஜூன் 28

அன்புள்ள திரு. தேயர்,

நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஊரைச் சொல்ல மாட்டேன். அது எங்களிடம் வந்தது என்றும் சொல்ல மாட்டேன், வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

விதிக்குப் பயந்து இல்லை. ஒரு பெண் விலாசம் சொல்லாமல் போனால், அந்த விலாசம் அவளுடைய சொத்து. நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன். ஆனால் என்னுடைய நம்பிக்கையை வைத்து இன்னொருத்தியின் கதவைத் திறந்துவிட எனக்கு உரிமை கிடையாது. எழுத்தில் நல்லவராகத் தெரிகிறவர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

லியோனா ப்ராக்கெட்


ஹாலோ ஃபால்ஸ்
1961 ஜூன் 28

மதிப்புக்குரிய திருமதி ஹேசல் விங்கேட்,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கே வந்துசேர்கிறது என்று நம்பி எழுதுகிறேன். நான் துப்பாக்கித் தொழிற்சாலையில் பதிவேட்டு எழுத்தர். 1958-ல் நீங்கள் 41877-ஐப் பழுதுக்கு அனுப்பினீர்கள். உங்கள் பழுது அட்டையில் இந்தப் பெயரும் (தேயர் இல்லை, உங்கள் பிறந்த வீட்டுப் பெயராக இருக்கலாம்) அப்போதைய விலாசமும் இருக்கின்றன.

அட்டையோடு உங்கள் அன்றைய கடிதமும் குத்தியிருக்கிறது. எங்கள் பழுதுப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அளவு மாறிய பாகம் எதைக் கண்டாலும், கேட்காமலே தொழிற்சாலை அளவுக்கு மாற்றிவிடுவார்கள், இலவசமாக. பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. உங்கள் மெலிந்த மரப்பிடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். அதற்கு நீங்கள் எழுதியது நான்கே வரி. அச்சில் ஏறாத ஒரு சொல்லும் அதில் உண்டு. அன்றைக்குக் கழிவுப் பெட்டியைக் கிளறிய கஸ் இன்னும் சொல்கிறார்: "அந்தம்மா கடுதாசியப் படிச்ச உடனே பெட்டிக்குள்ள தலைகீழா எறங்கினேன். காலு ரெண்டும்தான் வெளிய. பிடி கெடைக்கலன்னா ரயிலேறி வந்திருப்பாங்க."

ஆரின் தேயர் என்பவர் அந்த எண்ணைக் கொடுத்து நீங்கள் இருக்கும் ஊரைக் கேட்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. பழுதுக்கு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. நீங்கள் விரும்பாவிட்டால் இதற்குப் பதிலே போட வேண்டாம். அட்டையை எடுத்து யார் கையிலும் படாத இடத்தில் வைத்துவிடுவேன். விரும்பினால், ஒரு வரி.

தங்கள்,
லியோனா ப்ராக்கெட்


1961 ஆகஸ்ட் 30

மிஸ் ப்ராக்கெட்டுக்கு,

சுகம். நீயும் சுகமா இருப்பேன்னு நினைக்கிறேன். உன் கடிதம் ரெண்டு பழைய விலாசத்துக்குப் போய் அலைஞ்சிட்டு வந்தது. தபால்காரி இல்லையா, முத்திரைகளைப் பார்த்தே எங்கெங்கே தூங்கிச்சுன்னு சொல்லிடுவேன். என் மேசைமேலயும் மூணு வாரம் தூங்கிச்சு.

நீ வாயைத் திறக்காம இருந்ததுக்கு நன்றி. ஊர் பேரை இதுலயும் எழுதல, கவனிச்சிருப்பே. உறையில இருக்கிற தபால் பெட்டி எண் உனக்கு மட்டும்.

அந்தப் பிடிக்காக ஏன் அவ்வளவு கத்தினேன்னு உன் கஸ் யோசிச்சிருப்பான். சொல்றேன். அதைச் செதுக்கின மூணு சாயங்காலமும் ஆரின் என் கையை எடுத்து எடுத்து அளந்தார். கொஞ்சம் சீவுவார், என் கையை எடுப்பார், மரத்து மேல வைப்பார், ஒவ்வொரு விரலா மடக்கிப் பார்ப்பார், மறுபடி சீவுவார். கல்யாணமாகி பதினாறு வருஷத்துல என் கையை அவர் அவ்வளவு நேரம் பிடிச்சிருந்தது அப்ப மட்டும்தான். அதை எவனோ கழிவுல போட்டா?

அவர் கெட்டவர் இல்ல. நல்லவர் பக்கத்துல இருந்தும் ஒரு ஆள் காய்ஞ்சு போக முடியும்.

அவர்கிட்ட சொல்லு. எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதலாம், உன் மூலமா. அதுல துப்பாக்கி இருக்கக் கூடாது. விசை, உருளை, பிடி, திருகு, ஒண்ணும் கூடாது. என் கையும் வேண்டாம், அதுவும் அவருக்குத் துப்பாக்கியோட சேர்ந்ததுதான். அதையெல்லாம் எடுத்துட்டா என்னைப் பத்தி அவருக்கு ரெண்டு வரியாவது தேறுதான்னு பார்க்கணும். தேறலன்னா, நான் செஞ்சது சரின்னு நிம்மதியா இருந்துக்குவேன்.

ஹேசல்


ஹாலோ ஃபால்ஸ்
1961 செப்டம்பர் 5

அன்புள்ள திரு. தேயர்,

ஜூனுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கோபம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன், நோய் என்று நினைக்க விருப்பமில்லை.

அவருக்கு எழுதினேன். பதில் வந்திருக்கிறது. இருக்கிறார், சுகமாக இருக்கிறார். எங்கே என்று கேட்காதீர்கள்.

நீங்கள் ஒரு கடிதம் எழுதலாம். ஒன்று மட்டும். அதில் துப்பாக்கியோ அதன் எந்தப் பாகமோ இருக்கக் கூடாது. அவருடைய கையும் கூடாது. அவரைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். பிரிக்காமல் அனுப்பிவைப்பேன்.

வேறு ஒரு செய்தியும் அவர் எழுதிய கடிதத்தில் உண்டு. அதை நான் சொன்னால் உங்களுக்கு இரவெல்லாம் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

நிதானமாக எழுதுங்கள். உருளையை மெதுவாகச் சுற்றச் சொன்னவர் நீங்கள்தானே.

லியோனா


டிரை ஃபோர்க்
1961 அக்டோபர் 22

ஹேசல்,

சுகமாக இருக்கிறாய் என்று மிஸ் ப்ராக்கெட் எழுதினார். அந்த வரியை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆறு வாரமாக எழுதுகிறேன். மூன்றாவது வரியில் எதுவோ வந்துவிடுகிறது, நீ கூடாது என்று சொன்னது. கிழிப்பேன். கடைசியில் என் தலைக்குள் நீ இருக்கும் அறையில் வெளிச்சமே இல்லை என்று புரிந்தது. கதவுவரை வந்து நிற்கிறாய். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை.

அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு உன் தபால் வழியில் போனேன். அறுபத்திரண்டு மைல், ஒவ்வொரு பெட்டியாக. பம்பு பழுது பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். இல்லை, ஹேசலைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன். திருமதி கிம்பால் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்டாட்டியப் பத்தி ஊரார்கிட்ட கேட்டு வர்ற ஆளை இப்பதான்ய்யா பாக்குறேன். உள்ள வா, காப்பி குடி."

அவர்கள் சொன்னது: ஆட்டுக்காரர் எச்செவெரிக்கு அவருடைய தங்கை ஸ்பெயினிலிருந்து எழுதும் கடிதங்களைப் பொருள் தெரியாமலே எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பாயாம். அவருக்குக் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. நீ தப்பாக உச்சரிக்கும் இடங்களில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்களாம். நீ வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

நாற்பதாவது மைல் மேட்டில் தினமும் வண்டியை நிறுத்தி ஓர் ஆப்பிள் தின்பாயாம். கொட்டையைப் பள்ளத்தில் எறிவாயாம். அங்கே ஓர் ஆப்பிள் கன்று நிற்கிறது. இடுப்பு உயரம். உன்னுடையதா என்று எனக்கு நிச்சயமில்லை. சுற்றிலும் வேலி கட்டிவிட்டு வந்தேன், மான் தின்னாமல் இருக்க.

கடைசிப் பெட்டி, விதவை ஸ்டோக்ஸ். அவரிடம் நீ கடலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயாம். புல்வெளி காற்றில் அலையும்போது, "இது உண்மையிலயே தண்ணியா இருந்தா எப்படி இருக்கும்?" என்பாயாம். என்னிடம் நீ இதைச் சொன்னதே இல்லை என்று அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். சொல்லியிருப்பாய்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதிலும் பாதிக்கு மேல் மற்றவர்களுடையது. என்னுடையது ஒன்றே ஒன்று: நீ போன பிறகு வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஆரின்


ஹாலோ ஃபால்ஸ்
1961 அக்டோபர் 30

அன்புள்ள திரு. தேயர்,

குளிர் தொடங்கிவிட்டது. கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் உறை இன்று காலை வந்தது, பிரிக்காமல் இன்றே அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிஷம் கையில் வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுவது நல்லது. கனமாக இருந்தது. கஸ் எட்டிப் பார்த்து, "முகத்தை ஏம்மா இப்படி வச்சிருக்க? உனக்கு வந்தது இல்லையே" என்றார். இல்லைதான்.

இனி அவர் எழுதினால் நேராக உங்களுக்கு எழுதுவார். பதிவேட்டு அறைக்கு இதில் மேற்கொண்டு வேலையில்லை. 41877-இன் கோப்பை முடித்து அடுக்கில் வைத்துவிட்டேன். மத்தியானம் புத்தகத்தைப் பிரித்தேன், இரண்டு பக்கம்கூட நகரவில்லை.

நல்லபடியாக இருங்கள்.

லியோனா


தபால் பெட்டி 19
பெல் கோவ், ஒரேகான்
1961 நவம்பர் 16

ஆரின்,

மேலே ஊர் பேரைப் பார்த்திருப்பே. நான்தான் எழுதினேன், யாரும் கேட்டு வாங்கல.

சுகமா இருக்கேன். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். தபாலுக்கும் புள்ளைங்களுக்கும் ஒரே வித்தியாசம், தபால் வாந்தி எடுக்காது.

எச்செவெரி எப்படி இருக்கார்? அவர் தங்கை அந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கிட்டாளா? அதுக்கு முன்னாடியே நான் கிளம்பிட்டேன், முடிவு தெரியாமலே போச்சு. கேட்டு வை.

கடலைப் பத்தி உங்கிட்ட மூணு தடவை சொன்னேன். சொல்லியிருப்பாய்னு நீயே எழுதினதால மன்னிக்கிறேன். சொல்லலன்னு சாதிச்சிருந்தா இந்தக் கடிதம் கிடையாது. அந்தப் பக்கத்தை நேத்து எடுத்துக்கிட்டுப் போய்த் தண்ணி ஓரமா நின்னு படிச்சேன். காத்து பிடுங்கிடுமோன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

நான் டிரை ஃபோர்க்குக்குத் திரும்பி வர மாட்டேன். அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. இங்க ஒரு ரூம், ஒரு அடுப்பு, ரெண்டு நாற்காலி. ரெண்டாவது நாற்காலி ரூமுக்கு வந்தப்பவே இருந்தது, நான் யாருக்காகவும் வாங்கல.

போர்ட்லாண்டிலிருந்து ஒரு பஸ் சனிக்கிழமை சனிக்கிழமை மூணு பத்துக்கு இங்க வருது. டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை அன்னைக்கு எனக்கு வேற வேலை இல்ல.

வருவேன், வர மாட்டேன்னு பதில் எழுதாதே. ஒன்பது வருஷம் மத்தவங்களுக்குத் தபால் கொண்டுபோய்ப் போட்டேன், என்னைப் பத்தியே எழுதி எனக்கு வந்த கடிதம் இது ஒண்ணுதான். இன்னொண்ணுக்காகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க என்னால ஆகாது. பஸ்ஸுக்குன்னா நின்னு பார்ப்பேன்.

மழை பெய்தாலும் நிப்பேன்.

ஹேசல்